சக்சஸா, பெயிலா? பில்லிங் சாப்ட்வேருக்குத் தெரியாத மூன்றாவது பதில்

கடையில் பில் போடும் கம்ப்யூட்டரையும் கார்டு மெஷினையும் ஒன்றாக இணைத்துவிட்டால் வேலை சுலபம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். சொன்னதோடு நிற்காமல், அப்படி இணைக்கும் சாப்ட்வேரை எழுதி எங்கள் ஊர்ப் பக்கம் சில கடைகளில் போட்டும் கொடுத்தேன். அந்தக் கருத்தை இப்போதும் நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அதோடு ஒரு நிபந்தனையைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த நிபந்தனை எங்கே பிறந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் போடிநாயக்கனூர். இன்ஜினியரிங் முடித்துவிட்டு மதுரையில் சாப்ட்வேர் வேலை. சனி, ஞாயிறு ஊருக்கு வரும்போது தெரிந்தவர்கள் கடைகளுக்கு பில்லிங் சாப்ட்வேர் செய்து கொடுப்பது என் பக்க வேலை. போடியிலிருந்து மூணாறு போகும் சாலையில் மலை ஏறுவதற்கு முன்னால் முந்தல் என்று ஒரு ஊர் வரும். நேராகப் போனால் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறி போடிமெட்டு. அங்கேயே பிரிந்து போனால் குரங்கணி, கொட்டகுடி. ஏலத்தோட்டம், காபித் தோட்டம் வேலைக்குப் போகிற ஜீப்புகள் எல்லாம் அந்த வழியாகத்தான் ஏறி இறங்கும். அந்தப் பக்கத்தில் உள்ள ஒரு மளிகைக் கடைக்குத்தான் நான் கார்டு மெஷினை இணைத்துக் கொடுத்தேன்.

ஒரு சனிக்கிழமை மாலை. கடையில் கூட்டம். குரங்கணிப் பாதையில் வீடு உள்ள ஒரு அம்மா, ஐம்பது வயது இருக்கும், தோட்ட வேலை செய்பவர். ஒரு சிப்பம் அரிசி, எண்ணெய், பருப்பு, சோப்பு என்று 1,860 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார். ஜன்தன் கணக்கில் கொடுத்த ரூபே கார்டை நீட்டியிருக்கிறார். மெஷினில் பின் நம்பர் போட்டாயிற்று. கம்ப்யூட்டர் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் சிவப்பு எழுத்தில் வந்தது: பேமெண்ட் பெயில்டு.

"அண்ணாச்சி, காசு எடுத்துட்டாங்கன்னு மெசேஜ் வந்துருச்சே" என்று போனைக் காட்டியிருக்கிறார் அந்த அம்மா.

"கம்ப்யூட்டர்ல வரலியேக்கா. பெயிலுன்னுதான் காட்டுது. இன்னொரு வாட்டி போட்டுப் பாப்போம்."

இன்னொரு முறை போட்டார்கள். இந்த முறை சில விநாடியிலேயே பதில் வந்துவிட்டது. கணக்கில் போதிய பணம் இல்லை. சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். அந்த அம்மா அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லையாம். அரிசிச் சிப்பத்தைக் கடையிலேயே வைத்துவிட்டு, கிளம்பிக்கொண்டிருந்த ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

திங்கட்கிழமை மாலை அண்ணாச்சி எனக்குப் போன் செய்தார். "தம்பி, சனிக்கிழமை பில்லு ஒண்ணு பெயிலுன்னு காட்டிச்சு. இன்னைக்கி பேங்க் கணக்குல அந்த 1,860 வந்து நிக்குது. இது எப்படிப்பா?"

எப்படி என்று அடுத்த வாரம் போய் இரண்டு பதிவுகளையும் எடுத்துப் பார்த்தேன். என்னுடைய சாப்ட்வேர் மெஷினுக்குத் தொகையை அனுப்பிவிட்டு 30 விநாடி காத்திருந்தது. பதில் இல்லை. பெயில் என்று எழுதிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டது. அந்த நேரத்தில் மெஷினுக்குள் இருந்த சிம்முக்கு சிக்னல் மோசம். மெஷின் பொறுமையாகக் காத்திருந்து, 41ஆவது விநாடியில் பேங்கிடம் ஒப்புதல் வாங்கி, அதைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பியும் இருந்தது. வாங்கிக்கொள்ள இந்தப் பக்கம் யாரும் இல்லை. பூட்டிய வீட்டுக்குப் போன தபால் மாதிரி.

மெஷின் தன் சின்னத் திரையில் ஒப்புதல் என்று காட்டியிருக்கும். ஆனால் கடைப் பையன் பார்த்தது பெரிய திரையை. சரி, மெஷினிலிருந்து சிலிப் வந்திருக்குமே என்று கேட்பீர்கள். அதை நிறுத்தி வைத்தவனே நான்தான். கார்டு விவரங்களையும் சேர்த்து ஒரே பில்லாக அடித்துவிடலாம், பேப்பர் ரோல் மிச்சம் என்று அண்ணாச்சியிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

30 விநாடி என்பதை நான் எங்கிருந்து எடுத்தேன்? மதுரை ஆபீஸில் பைபர் இணைப்பில் உட்கார்ந்து சோதித்தபோது நான்கு விநாடியில் பதில் வந்தது. அதோடு ஒப்பிட்டால் 30 விநாடி தாராளம் என்று நினைத்துக்கொண்டேன். மலை அடிவாரத்துக்கு ஒரு முறை மெஷினை எடுத்துக்கொண்டு போய்ச் சோதித்திருந்தால் அந்த அம்மாவுக்கு அன்றைக்கு அந்த நிலைமை வந்திருக்காது. இதில் மெஷின் மேலோ பேங்க் மேலோ எந்தக் குற்றமும் இல்லை. இரண்டும் சரியாகவே வேலை செய்திருக்கின்றன.

ஆனால் பிரச்சினை அந்த 30 விநாடியில் மட்டும் இல்லை. அதை 60 ஆக்கினாலும், 90 ஆக்கினாலும் என்றாவது ஒரு நாள் 91ஆவது விநாடியில் பதில் வரும். கேபிள் கழன்றால், கரண்ட் போனால், யாராவது கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தால், பதில் வராமலே போகும். பதில் வராத ஒன்றைப் பெயில் என்று எழுத சாப்ட்வேருக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. சக்சஸ் ஒரு பதில். பெயில் ஒரு பதில். தெரியவில்லை என்பது மூன்றாவது பதில். நம் ஊர்க் கடைகளில் ஓடும் பில்லிங் சாப்ட்வேர்களில் நான் திறந்து பார்த்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இந்த மூன்றாவது பதிலைச் சொல்லத் தெரியாது. என்னுடையதையும் சேர்த்துத்தான்.

இதைப் புரிந்துகொள்ள உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம்.

இணைப்பே இல்லாத கடையில் பில் ஒரு பக்கம், கார்டு மெஷின் ஒரு பக்கம். பில்லில் உள்ள தொகையைக் கடைக்காரர் மெஷினில் கையால் அடிக்கிறார். 1,860 என்பதை 18,600 என்று அடித்துவிட்டுப் பிறகு பேங்குக்கும் வீட்டுக்கும் அலைந்த கதைகள் எல்லா ஊரிலும் இருக்கும். ராத்திரி கடை அடைக்கும்போது மெஷினின் கணக்கும் பில் கணக்கும் ஒத்துப்போகாது. எது விட்டுப்போயிற்று என்று ஒவ்வொரு சிலிப்பாகத் தேட வேண்டும். இந்தத் தொல்லைக்காகத்தான் இணைப்பு வேண்டும் என்கிறோம். அது நியாயமான ஆசைதான்.

இணைப்பதிலும் இரண்டு விதம் உண்டு. பழைய விதத்தில் கார்டு விவரமே கம்ப்யூட்டருக்குள் வந்துபோகும். கீபோர்டின் ஓரத்திலேயே கார்டு தேய்க்கும் பள்ளம் இருக்குமே, பெரிய கடைகளில் சிலர் பார்த்திருக்கலாம். இது ஆபத்தானது. அமெரிக்காவில் டார்கெட் என்ற கடைத் தொடரில் 2013 கடைசியில் பில்லிங் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்த வைரஸ் மாதிரியான ஒரு புரோகிராம், மெமரியில் ஒரு கணம் வந்துபோகும் கார்டு விவரங்களைக் கவ்வி எடுத்தது. சுமார் 4 கோடி கார்டுகள். நம் கடைகளில் அதே கம்ப்யூட்டரில்தான் பையன் சினிமாப் பாட்டும் டவுன்லோடு செய்கிறான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது விதத்தில் கம்ப்யூட்டர் மெஷினுக்கு பில் நம்பரையும் தொகையையும் மட்டும் அனுப்பும். கார்டு, சிப், பின் நம்பர் எல்லாம் மெஷினுக்கும் பேங்குக்கும் நடுவில். முடிந்ததும் மெஷின் ஒரு ஒப்புதல் எண்ணையும், 12 இலக்க குறிப்பு எண்ணையும், கார்டின் கடைசி நான்கு இலக்கத்தையும் திருப்பித் தரும். கம்ப்யூட்டருக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான். நான் செய்ததும் இந்த விதம்தான். பாதுகாப்பைப் பொறுத்தவரை இதுவே சரி என்று இப்போதும் சொல்வேன்.

மெஷினுக்கும் பேங்குக்கும் நடுவில் போகும் கடிதத்துக்கு ஒரு வடிவம் இருக்கிறது. ஐஎஸ்ஓ 8583 என்று பெயர். 1987ல் முதலில் வெளியானது. வயதில் எனக்கு அண்ணன். பணம் எடு என்று கேட்கும் கடிதத்துக்குப் பொதுவாக 0200 என்று எண். அதற்குப் பதில் 0210. தொகைக்கு 12 இலக்கம். பைசாவில் எழுத வேண்டும், எனவே 1,860 ரூபாய் என்பது 000000186000 என்று போகும். பதிலில் இரண்டே எழுத்தில் ஒரு குறியீடு வரும். 00 என்றால் ஒப்புதல். 51 என்றால் கணக்கில் பணம் போதாது. அந்த அம்மாவுக்கு இரண்டாவது முறை வந்தது இந்த 51தான். முதல் முறை 00 வந்ததால்தான் இரண்டாவது முறை 51 வந்தது என்பது அன்றைக்குக் கடையில் யாருக்கும் தெரியவில்லை.

இந்த வடிவத்தில் எனக்குப் பிடித்த விஷயம் வேறொன்று. 0400 என்ற வரிசையில் ஒரு கடிதம் இருக்கிறது. அதற்கு ரிவர்சல் என்று பெயர். 0200 அனுப்பினேன், பதில் வரவில்லை, நீங்கள் பணத்தை எடுத்தீர்களோ இல்லையோ எனக்குத் தெரியாது, எடுத்திருந்தால் திருப்பிப் போட்டுவிடுங்கள் என்பதுதான் அதன் பொருள். லைன் கிடைக்கிற வரைக்கும் அதை மெஷின் திரும்பத் திரும்ப அனுப்பும். டெலிபோன் லைன் பாதியில் அறுந்துபோகும் காலத்தில் இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள், பதில் வராமல் போவதைச் சர்வ சாதாரணமான விஷயமாக எடுத்துக்கொண்டு அதற்கென்று ஒரு கடிதமே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

ஆக, மெஷினுக்கும் பேங்குக்கும் நடுவில் பதில் தொலைந்தால் அதற்கு வழி இருக்கிறது. ரிசர்வ் பேங்கும் 2019 செப்டம்பர் 20ஆம் தேதி ஒரு சுற்றறிக்கை போட்டது. வாடிக்கையாளர் கணக்கில் பணம் கழிந்து, கடையில் அதற்கான உறுதி கிடைக்கவில்லை, சிலிப் வரவில்லை என்றால், அந்த நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. புகார் கொடுக்காவிட்டாலும் பேங்க் தர வேண்டும். நல்ல விதி. கடையில் யுபிஐ மூலம் கொடுக்கும் பணத்துக்கும் இதே ஐந்து நாள்தான்.

முந்தல் கடையில் நடந்தது இந்த விதிக்குள் வராது. அங்கேதான் சிக்கல். பேங்கைக் கேட்டால் ஒப்புதல் கொடுத்துவிட்டேன் என்கிறது. மெஷினைக் கேட்டால் வாங்கிவிட்டேன் என்கிறது. பணம் ஒழுங்காகக் கடைக்காரர் கணக்குக்குப் போய்விட்டது. பேங்கின் கண்ணில் அது வெற்றிகரமான விற்பனை. தானாகத் திருப்பித் தர அங்கே எதுவுமே இல்லை. பதில் தொலைந்தது மெஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் உள்ள ஒன்றரை அடி கேபிளில். அந்த ஒன்றரை அடியை உருவாக்கியவர்கள் நாங்கள். இணைப்பு இல்லாத கடையில் அந்த இடைவெளியே கிடையாது. மெஷின் சிலிப் துப்பும், மனிதன் கண்ணால் பார்ப்பான், முடிந்தது. பழைய தொல்லையைத் தீர்க்கிறேன் என்று சொல்லி, ரிசர்வ் பேங்க் விதியின் கைக்கு எட்டாத ஒரு புதிய தொல்லையைக் கொண்டு வந்து வைத்திருக்கிறோம். கார்டு இணைப்பு விற்கும் யாரும் இதைச் சொல்லி விற்பதில்லை.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி கண் முன்னாலேயே இருக்கிறது. ஏலக்காய் ஏலம். நறுமணப் பொருள் வாரியம் 2007ல் மின் ஏலத்தைக் கொண்டு வந்தது. போடியிலும் அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்திலும் நடக்கிறது. வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விலையை ஏற்றுவார்கள். அங்கே எந்தக் குவியலுக்கும் ஒரு லாட் நம்பர் உண்டு. மாதிரிக்குக் காய் எடுத்துப் பார்ப்பது முதல் பணம் பட்டுவாடா வரை எல்லாம் அந்த நம்பரை வைத்துத்தான். நடுவில் கரண்ட் போய்த் திரும்பி வந்தால், எந்த லாட் எந்த விலையில் நின்றது என்று கேட்கத்தான் செய்வார்களே தவிர, இந்த லாட் விற்கவில்லை என்று யாரும் தானாக எழுதிக்கொள்ள மாட்டார்கள்.

பில்லுக்கும் அதேதான் வேண்டும். பணம் கேட்பதற்கு முன்னாலேயே அந்தக் கேட்புக்கு ஒரு நம்பர் போட்டு டிஸ்கில் எழுதிவிட வேண்டும். பதில் வராவிட்டால் அதே நம்பரைச் சொல்லி, இது என்னவாயிற்று என்று மெஷினிடம் கேட்க வேண்டும். புது நம்பரில் புதிதாகப் பணம் கேட்கக் கூடாது. இன்னொரு வாட்டி போட்டுப் பார்ப்போம் என்று அண்ணாச்சி சொன்னதை மனிதர் என்ற முறையில் குறை சொல்ல முடியாது. பெயில் என்று கம்ப்யூட்டரே சொன்ன பிறகு அவர் வேறு என்ன செய்வார்? அந்த அம்மா கணக்கில் இன்னொரு 1,860 இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும். இருக்கவில்லை என்பதால் அவமானத்தோடு போயிற்று. எது மோசம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நான் என்ன மாற்றினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். திரையில் பச்சை, சிவப்பு என்று இரண்டு நிறம் இருந்தது. மஞ்சளைச் சேர்த்தேன். "பணம் போயிருக்கலாம். விசாரிக்கிறேன். மீண்டும் கார்டு போட வேண்டாம்" என்று தமிழிலேயே வரும். மஞ்சள் இருக்கும்வரை அந்த பில்லுக்கு மறுபடி கார்டு போடும் பட்டன் வேலை செய்யாது. கம்ப்யூட்டர் ஆப் ஆகித் திரும்ப ஆன் ஆனால், முதல் வேலையாக, தொங்கிக்கொண்டிருக்கும் பில்கள் எவை என்று பார்த்து மெஷினிடம் விசாரிக்கும். மெஷின் சிலிப்பைத் திரும்பவும் ஆன் செய்துவிட்டேன். பேப்பர் ரோல் போனால் போகட்டும். ராத்திரி செட்டில்மெண்ட் ஆனதும் மெஷின் பட்டியலையும் பில் பட்டியலையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, ஒரு பக்கம் மட்டும் உள்ளதைத் தனியே காட்டும். இது முன்பே இருந்திருந்தால் திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்காது. சனிக்கிழமை ராத்திரியே தெரிந்திருக்கும். செட்டில்மெண்டுக்கு முன்னால் என்றால் மெஷினிலேயே அந்தப் பரிமாற்றத்தை ரத்து செய்துவிடலாம். அதற்குப் பிறகு என்றால் ரீபண்ட் போட வேண்டும், பணம் போய்ச் சேர நாள் பிடிக்கும்.

இதில் எதுவும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. மூன்று வார இறுதிகளில் முடிந்த வேலை. ஆனால் விற்பனைக்கு இது உதவாது என்பதும் உண்மை. டெமோ காட்டும்போது மஞ்சள் வராது. பச்சைதான் வரும். நல்ல நெட்வொர்க்கில், புது மெஷினில், ஒரு ரூபாய்க்கு பில் போட்டுக் காட்டினால் எல்லா சாப்ட்வேரும் ஒரே மாதிரி அழகாகத்தான் இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு விற்பனையாளர், "எதுக்குப்பா மஞ்சளு? பாக்கிறவனுக்கு பயம் வரும்" என்று நேராகவே சொன்னார்.

கடைக்காரர்களின் ஆட்சேபம் இதைவிட நியாயமானது. மஞ்சள் வந்தால் வரிசை நிற்கிறது. பின்னால் பத்துப் பேர். வாடிக்கையாளர் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். விசாரித்தும் பதில் வரவில்லை என்றால் என்ன செய்வது? போடிக்காரர்களுக்குக் காத்திருப்பது புதிதல்ல. 2010 கடைசியில் நின்ற ரயில் 2023 ஜூனில்தான் ஊருக்குத் திரும்பி வந்தது. ஆனால் அரிசி வாங்க வந்தவரை அப்படிக் காக்க வைக்க முடியாதே. இந்த இடத்தில் சாப்ட்வேர் முடிவெடுக்கக் கூடாது என்பது என் எண்ணம். தெரிந்த ஆள், பொருளைக் கொடுத்து அனுப்பு என்று கடைக்காரர் சொல்லலாம். இல்லை, சிலிப்பைப் பார்க்காமல் தர மாட்டேன் என்றும் சொல்லலாம். அது அவர் வியாபாரம், அவர் நஷ்டம். சாப்ட்வேரின் வேலை, தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, அந்த பில்லை மறக்காமல் வைத்திருப்பது மட்டும்தான்.

இன்னும் சிலர், இப்போது எல்லோரும் க்யூஆர் கோடு ஸ்கேன் செய்கிறார்களே, கார்டைப் பற்றி ஏன் இத்தனை பேச்சு என்பார்கள். யுபிஐ 2016ல் வந்த பிறகு கடைகளின் முகமே மாறிவிட்டது என்பதில் சந்தேகம் இல்லை. 2020 ஜனவரி 1 முதல் யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் கடைக்காரரிடம் கமிஷன் பிடிப்பதில்லை என்பதும் சேர்ந்துகொண்டது. ஆனால் பில்லோடு சேர்ந்து திரையில் தோன்றும் க்யூஆர் கோடிலும் இதே பிரச்சினை அப்படியே இருக்கிறது. பணம் வந்துவிட்டது என்ற செய்தி சர்வரிலிருந்து உங்கள் பில்லிங் சாப்ட்வேருக்கு வர வேண்டும். வழியில் நெட் போனால் வராது. வாடிக்கையாளர் போனில் பச்சை டிக், கடைத் திரையில் பெயில். பேசும் ஸ்பீக்கர் பெட்டி இருந்தால் அது ஒரு சாட்சி. அதற்கும் சிக்னல் வேண்டும். கேள்வி கார்டா, க்யூஆரா என்பது இல்லை. கேட்டவனுக்குப் பதில் வராவிட்டால் என்ன எழுதிக்கொள்கிறான் என்பதுதான்.

நீங்கள் வீட்டோடு சேர்த்து ஒரு சின்னக் கடை வைத்திருப்பவராக, அல்லது அண்ணன் தம்பி கடைக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொடுப்பவராக இருந்தால், அடுத்த முறை இணைப்பு சாப்ட்வேர் விற்க வருபவரிடம் ஒரே ஒரு சோதனையைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். பில் போடட்டும். பத்து ரூபாய்க்குக் கார்டைப் போடட்டும். பின் நம்பர் போட்டவுடன் மெஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் உள்ள கேபிளைப் பிடுங்குங்கள். வைபை என்றால் ரவுட்டரை ஆப் செய்யுங்கள். ஒரு நிமிடம் கழித்துத் திரும்ப மாட்டுங்கள். திரை என்ன சொல்கிறது என்று பாருங்கள். பெயில் என்று சொல்லிவிட்டு உடனே அடுத்த கார்டைக் கேட்டால், அவரை மரியாதையாகக் காபி கொடுத்து அனுப்பிவிடலாம். விசாரித்துப் பச்சைக்கு மாறினால் மேற்கொண்டு விலை பேசுங்கள். இணைப்புக்கென்று தனியாக ஆண்டுக் கட்டணம் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கட்டணம் எதற்கு என்று கேட்க உங்களுக்கு இந்தச் சோதனையே போதும்.

வாங்கப் போகிறவராக இருந்தால், பணம் கழிந்ததாகச் செய்தி வந்து கடையில் இல்லை என்று சொன்னால், மறுபடி கார்டைக் கொடுக்காதீர்கள். கடைசிப் பரிமாற்றத்தின் நகலை மெஷினிலிருந்தே அடித்துத் தரச் சொல்லுங்கள். சாதாரணமாக எல்லா மெஷினிலும் அந்த வசதி இருக்கிறது, அதற்குக் கம்ப்யூட்டரின் தயவு தேவையில்லை. அதில் உங்கள் தொகையும் ஒப்புதல் எண்ணும் இருந்தால் கடைக்குப் பணம் வந்தாயிற்று என்று பொருள். ஐந்து நாள் காத்திருந்தால் தானாக வரும் என்று உங்களை அனுப்பி வைக்க விடாதீர்கள். இந்த வகையில் அது தானாக வராது. நகல் வரவில்லை என்றால் மட்டுமே அந்த ஐந்து நாள் விதி உங்களுக்குக் கைகொடுக்கும். செய்தியில் உள்ள 12 இலக்க எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு பேங்கில் கேட்கலாம்.

முந்தல் கதையின் மிச்சம் இது. அண்ணாச்சி திங்கட்கிழமை ராத்திரியே குரங்கணி ஜீப் டிரைவர்களிடம் விசாரித்திருக்கிறார். யார் என்று அடையாளம் சொன்னதும் ஒரு டிரைவருக்குத் தெரிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை முதல் ஜீப்பில் அரிசிச் சிப்பமும் மற்ற சாமான்களும் ஏறிப் போய்விட்டன. மதுரையிலோ சென்னையிலோ ஒரு சூப்பர் மார்க்கெட்டில் இது நடந்திருந்தால் அந்த அம்மாவைத் தேடிக் கண்டுபிடிக்க யார் கிளம்பியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். நான் போய் அவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு நான் எதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்றே முதலில் புரியவில்லை. கம்ப்யூட்டர் தப்புக்கு நீ என்னப்பா பண்ணுவே என்றார். அந்தக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான் என்று சொன்னேன். "அப்ப ஒழுங்காச் சொல்லிக்குடு சாமி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் காபி போட்டுக்கொண்டு வந்தார்.

இன்னும் ஒரு கடை மிச்சம் இருக்கிறது. போடி டவுனுக்குள். அங்கே உள்ள மெஷினில் பில் நம்பரைச் சொல்லி விசாரிக்க முடியாது. கடைசியாக நடந்த ஒரே ஒரு பரிமாற்றத்தை மட்டும் சொல்லும். நடுவில் இன்னொரு வாடிக்கையாளர் கார்டு போட்டுவிட்டால் முந்தையதைக் கேட்க வழியில்லை. அந்த வசதி எப்போது வரும் என்று மெஷின் கொடுத்தவர்களுக்கு இரண்டு முறை எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை. அதுவரை அந்தக் கடையில் இணைப்பைக் கழற்றி வைத்திருக்கிறேன். தொகையைக் கையால்தான் அடிக்கிறார்கள். அடித்த பிறகு ஒரு தடவை வாய்விட்டுப் படிக்கச் சொல்லியிருக்கிறேன்.